பதினைந்து பவுண் கிளியின் விரதம்

ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று பேர் பட்டினி கிடந்தார்கள். ஒருவர் அல்லாஹ்வுக்காக, ஒருவர் சனீஸ்வரனுக்காக, மூன்றாவது ஆள் மயக்க ஊசிக்காக. மூன்றாவது ஆள் ஒரு கிளி. ஏன் பட்டினி என்று தெரியாமல் கிடந்தது அது ஒன்றுதான். முதலில் சாப்பிட்டு எல்லோரையும் மாட்டிவிட்டதும் அதுதான்.

கிளி மாமியுடையது. மாமி அப்பாவின் அக்கா, சம்பூர்க்காரி. ஷெல்லடியில் ஊரே எழும்பி ஓடிய நாளில் மாமியின் ஒரு கையில் அடையாள அட்டையும் காணி உறுதியும் போட்ட சொப்பிங் பை, மறு கையில் கிளிக்கூடு. வாகரையில் கூடு நசிந்துவிட்டது. அங்கிருந்து மட்டக்களப்பு முகாம் வரை கிளி சேலைத் தலைப்புக்குள்தான் பயணம் செய்தது. அடுத்த வருடம் ஒருவழியாகத் திருகோணமலை அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் மாமி வந்து இறங்கினார். நான் “வாங்கோ மாமி” என்றேன். தலைப்புக்குள்ளிருந்து “அங்கால போ” என்று ஒரு குரல் வந்தது.

அந்தக் கிளிக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். சம்பூரில் நெல் காயப் போட்டுவிட்டு மாமி கோழிகளைத் துரத்திய சொல். அதைப் பிடித்துக்கொண்ட கிளி, சந்திக்கிற எல்லோரையும் கோழியாகவே நடத்தியது.

எனக்கு அப்போது வேலைவெட்டி எதுவும் இல்லை. கம்பஸ் மூடிக் கிடந்தது. எப்போது திறப்பார்கள் என்று உபவேந்தருக்கே தெரியாது. நான் விலங்கியல் இரண்டாம் வருடம், வாய் மட்டும் பேராசிரியர் தரம். அம்மாவும் அப்பாவும் விடிந்ததும் டவுனில் இருந்த எங்கள் கொப்பி பென்சில் கடைக்குப் போய்விடுவார்கள். பிறகு வீட்டில் நான், மாமி, கிளி.

கிளியின் வலது செட்டையில் ஒரு கட்டி வந்தது. முதலில் பயறு அளவு. ஒரு மாதத்தில் கச்சான் கடலை அளவு. கிளி அதைக் கொத்திக் கொத்தி இரத்தம் வரவைத்தது. மாமி மஞ்சள் வைத்தார். கிளி மஞ்சளையும் சேர்த்துக் கொத்தியது. இரண்டாம் முறை இரத்தம் வந்தபோது அரை மணித்தியாலம் நிற்கவில்லை. தரையில் சிந்தியது என்னவோ ஒரு தேக்கரண்டிதான். ஆனால் அந்த உடம்புக்கு அது ஒரு வாளி.

“இன்னொருக்கா இப்பிடி ஓடினா முடிஞ்சுது மாமி,” என்றேன். “வெட்டத்தான் வேணும்.”

“ஆர் வெட்டுறது, நீயோ?”

“டொக்டர்.”

“அந்த டொக்டர் மாட்டுக்கெல்லோ பாக்கிறவர்?”

உண்மைதான். டொக்டர் கிண்ணியாக்காரர். வாரத்தில் மூன்று நாள் பாதையேறி இக்கரைக்கு வந்து, உள்துறைமுகப் பக்கமாக ஒரு மாட்டுத்தீன் கடையின் பின்னறையில் இருப்பார். பாதை என்றால் வாகனத்தையும் ஆளையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கும் மிதவை. அதை விட்டால் கிண்ணியாக்காரருக்கு வேறு வழி இல்லை. மாடு, ஆடு, எப்போதாவது ஒரு நாய். அவர் அறையில் நாங்கள் கிளியை அட்டைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போய் நின்றதும் அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார்.

“தங்கச்சி, நான் மாட்டு டொக்டர்.”

“மாட்டுக்கும் கிளிக்கும் என்ன சேர் வித்தியாசம்? ரெண்டுக்கும் ரத்தம்தானே.”

“வித்தியாசம் இரிக்கி. மயக்கத்துல மாடு விழுந்தா நான் சாவன். இது விழுந்தா இது சாகும்.”

மாமி அதற்குச் சிரிக்கவில்லை. டொக்டர் அதைக் கவனித்தார். துவாயால் கிளியைச் சுற்றி எடுத்து, கழுத்தை இரண்டு விரலுக்கு இடையில் பிடித்துச் செட்டையை விரித்தார். கட்டியை வெளிச்சத்துக்குக் காட்டி நெடுநேரம் பார்த்தார்.

“இது கான்சர் மாதிரிக் கூடாத கட்டி இல்ல போல. உள்ளுக்கு என்னமோ உருண்டு கிடக்கு. வெட்டினாத்தான் தெரியும். விட்டா இவர் தானே கொத்தித் தானே முடிச்சிடுவார்.” பிறகு என்னிடம், “நீங்க என்ன படிக்கிற?”

“சூவோலொஜி.”

“மயக்க மருந்து குடுத்துப் பழக்கம் இரிக்கா?”

“ஓம் சேர். எத்தினையோ.”

பொய் இல்லை. ஆய்வுகூடத்தில் எத்தனையோ தேரைகளைக் குளோரோபோம் போத்தலுக்குள் போட்டு மயக்கியிருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூட எழும்ப வேண்டிய தேவை இருக்கவில்லை என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. திரும்பி எழும்ப வேண்டிய ஓர் உயிரை மயக்குவது வேறு பாடம் என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.

டொக்டரும் சளைத்தவர் இல்லை. மேசை லாச்சிக்குள்ளிருந்து ஏதோ பழைய ஆங்கிலப் புத்தகத்தின் போட்டோக் கொப்பி ஒன்றை எடுத்தார். வாழ்நாளில் கிளிக்கு ஊசி போட்டதே இல்லை என்பதை அந்தத் தாளை அவர் தலைகீழாகப் பிடித்ததிலேயே கண்டுபிடித்துவிட்டேன். என்னிடமும் தாள் இருந்தது. நெட் கபேயில் பிரிண்ட் எடுத்தது, நாலு பக்கம். அவருடைய தாளில் முதல்நாள் இரவிலிருந்தே சாப்பாடு கொடுக்கக்கூடாது என்று இருந்தது. என்னுடைய தாளில், சின்னப் பறவையை இரவு முழுக்கப் பட்டினி போட்டால் ஊசிக்கு முன்பே போய்விடும், கழுத்தடியில் இரை தங்கும் தீன்பை காலியானால் போதும் என்று இருந்தது.

“எட்டு மணித்தியாலம்,” என்றார் டொக்டர்.

“ரெண்டு,” என்றேன்.

“ஆறு.”

“சேர், அதின்ர நெஞ்சு நிமிசத்துக்கு எத்தினை தரம் அடிக்குது எண்டு பாருங்கோ. எரிக்கிற வேகத்துக்கு ஆறு மணித்தியாலம் தாங்காது.”

“மூணு. அதுக்குக் கீழ ஒரு நிமிசமும் குறைக்க ஏலா.”

மீன் சந்தை மாதிரி மூன்றில் முடித்தோம். டொக்டர் மாமியின் பக்கம் திரும்பினார். தாளில் இருந்ததையெல்லாம் மாமிக்கு விளங்கும்படி ஒரு சொல்லில் சொல்ல நினைத்தார் பாவம். றமழான் தொடங்கிய கிழமை. அவர் வாயில் முதலில் வந்ததும் அந்த மாதத்துச் சொல்தான்.

“அக்கா, வாற சனிக்கிழமை நான் வீட்டயே வாறன். இவர இனி ஓட்டோவில குலுக்க வேணாம். காலையில ஏழு மணில இருந்து பத்து மணி வரைக்கும் இவருக்கு நோன்பு. சரியா?”

“ஓம் தம்பி. விரதம். விளங்கீட்டுது.”

மாமி தலையாட்டினார். டொக்டர் தலையாட்டினார். ரெண்டும் ஒன்றுதானே என்று நானும் தலையாட்டினேன். அந்த இடத்தில்தான் கணக்குப் பிழைத்தது.

போகும் முன் டொக்டர் இன்னொரு வேலை தந்தார். கிளியின் நிறை வேண்டும், கிராம் கணக்கில். அவரிடம் இருந்தது தீன் மூட்டை நிறுக்கும் தராசு. அதில் கிளியை வைத்தால் முள் அசையக்கூட இல்லை. “மாட்டுக்கு அஞ்சு கிலோ கூடக் குறைய இரிந்தா ஒண்டுமில்ல. இதுக்கு அஞ்சு கிராம் பிழைச்சா எழும்பாது,” என்றார்.

திருகோணமலையில் ஐந்து கிராம் பிழைக்காமல் நிறுக்கக்கூடிய ஆள் யார்? நகைக்கடைக்காரர்தான். கிளியை என் பழைய பள்ளிக்கூடக் காலுறைக்குள் விட்டு, நுனியை வெட்டித் தலையை மட்டும் வெளியே எடுத்துவிட்டோம். இறுக்கமான சட்டை போட்ட பெரிய மனிதர் மாதிரி அது கடைக்கண்ணாடிப் பெட்டிக்கு மேல் உட்கார்ந்து தங்கத்தைப் பார்த்தது. நகைக்கடை ஐயா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

“இதென்ன பிள்ளை, அடகோ?”

“இல்லை ஐயா, நிறுக்க வேணும். ஒப்பரேசன்.”

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. தட்டைத் துணியால் துடைத்தார். காற்றாடியை நிறுத்தச் சொன்னார். கிளியை வைத்து, மூச்சுக்கூட விடாமல் படிக்கல்லை ஒவ்வொன்றாக மறு தட்டில் போட்டார். பிறகு காலுறையைத் தனியே நிறுத்தார்.

“சேதாரம் கழிச்சு, பதினைஞ்சு பவுணும் ஒரு மஞ்சாடியும்.”

“அங்கால போ,” என்றது கிளி.

“போறன் போறன். உனக்கென்ன, சீதனம் கேக்க ஏலாத இடத்தில நிக்கிறாய். உடம்பே பதினைஞ்சு பவுண்.”

பவுணுக்கு எட்டுக் கிராம். நூற்றியிருபது. ஒரு மஞ்சாடி தூசு. அன்றுவரை அந்தக் கிளியைப் பார்க்கும்போதெல்லாம் பெரிய பறவை என்றுதான் நினைத்திருந்தேன், அவ்வளவு சத்தம் போடும். பாதிக்கு மேல் வெறும் இறகும் காற்றும் என்பது தராசில்தான் தெரிந்தது. ஒரு கலியாணப் பெண்ணின் கழுத்தில் கிடக்கிற பாரம்தான் அது. அதற்குள் ஈரல், குடல், மூளை, கோபம் எல்லாம்.

திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். பொடியன் மாதிரி ஓர் ஆமிக்காரன் குனிந்து பார்த்தான்.

“அங்கால போ,” என்றது கிளி, தெளிவாக.

மாமி என் கையைப் பிடித்தார். ஆமிக்காரன் என்னிடம் உடைந்த தமிழில், “என்ன சொல்லுறது?” என்றான்.

“குட் மோர்னிங் சொல்லுது.”

அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கிளிக்கு ஒரு குட் மோர்னிங் சொன்னான். கிளி மறுபடி தன் பதிலைச் சொல்லியது. இருவருக்கும் திருப்தி. ஓட்டோ நகர்ந்ததும் நான் டொக்டருக்குப் போன் எடுத்தேன்.

“சேர், பதினைஞ்சு பவுண்.”

“ஆருக்குத் தங்கச்சி கலியாணம்?”

வெள்ளிக்கிழமை முழுக்க ஆயத்தம். தாளில் சொன்னபடி ஒவ்வொன்றாகச் செய்தேன். மயங்கிய பறவை தன் சூட்டை வைத்திருக்கத் தெரியாமல் குளிர்ந்துபோகும் என்று இருந்தது. ஆகவே இரண்டு சோடாப் போத்தலில் சுடுநீர் நிரப்பித் துவாயில் சுற்றி, எவ்வளவு நேரம் சூடு நிற்கிறது என்று பார்த்தேன். ஒரு மணித்தியாலம் நின்றது. படிப்பு மேசை லாம்பைக் கொண்டுவந்து மேசைமேல் வளைத்து வைத்தேன். கிளியை எப்படிப் பிடிப்பது என்று பழகினேன். பறவைக்கு நம்மைப் போல் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மறிப்புத் தசை இல்லை. நெஞ்செலும்பு முன்னே பின்னே போனால்தான் காற்று உள்ளே போகும். நெஞ்சை இறுக்கிப் பிடித்தால் வாயும் மூக்கும் திறந்திருக்கவே மூச்சு முட்டிச் செத்துவிடும். இதைப் பரீட்சையில் நாலு வரி எழுதியிருக்கிறேன். கைக்குள் அந்த எலும்பு ஏறி இறங்குவதை அன்றுதான் முதல்முறை தொட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் என் விரலை மெதுவாகத் தள்ளிவிட்டு, திரும்ப வந்து, திரும்பத் தள்ளியது. அரை மணித்தியாலம் அப்படியே இருந்துவிட்டேன். கிளி என்னை இரண்டு தரம் கடித்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தீன் கிண்ணத்தை எடுத்தேன். அது புரட்டாதிச் சனி. மாமி தலை முழுகி, எள்ளெண்ணெய் விளக்கு வைக்க ஆயத்தமாக இருந்தார். சனி விரதக்காரர் மத்தியானம் வரை சாப்பிடமாட்டார்கள். சமைத்து, முதலில் காகத்துக்கு ஒரு பிடி சோறு வைத்து, காகம் தொட்ட பிறகுதான் தங்கள் இலையில் கை வைப்பார்கள். காகம் சனீஸ்வரனின் வாகனம்.

ஒன்பதரைக்கு டொக்டரின் போன் வந்தது.

“தங்கச்சி, பாதை ஓடுதில்ல. நேவிக்காரன் மறிச்சுப்போட்டான். கடலுக்குள்ள என்னமோ தேடுறானாம்.”

“எப்ப விடுவாங்களாம்?”

“அவனுக்கே தெரியா. நான் வரிசையிலதான் நிக்கிறன். நோன்பக் கொஞ்சம் நீட்டுங்க.”

பதினொன்றுக்குக் கிளி கூட்டின் கம்பியை வரிசையாகக் கடித்துக்கொண்டிருந்தது. பதினொன்றரைக்கு டொக்டர் இக்கரைக்கு வந்துவிட்டதாகப் போன். எங்கள் ஒழுங்கை அவருக்குத் தெரியாது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக்குப் போனேன். சந்தியில் வெயிலுக்குள் முக்கால் மணித்தியாலம் நின்றிருப்பேன். டொக்டர் மோட்டார் சைக்கிளில், உதடு காய்ந்து, முன்னால் மருந்துப் பெட்டியோடு வந்து சேர்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் ஒரு நிமிடம்கூட வீணாக்கவில்லை. கையைச் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவினார். மேசையில் வெள்ளைத் துணி விரித்தார். இன்சுலின் ஊசி ஒன்றை உறையிலிருந்து எடுத்தார். மாட்டுக்கு அவர் எடுக்கிற ஊசிக்குப் பக்கத்தில் அது தும்புத்தடித் துடைப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு ஈர்க்குக் குச்சி. மருந்தை உப்புத்தண்ணீரில் கலந்து, நூற்றியிருபது கிராமுக்குக் கணக்குப் பார்த்து, சில கோடுகள் மட்டும் உள்ளே இழுத்து, லாம்புக்கு நேரே பிடித்துச் சுண்டினார்.

“நோன்பு சரிதானே அக்கா?”

மாமி சமைத்து முடித்துக் குசினி வாசலில் நின்றார். முகத்தில் ஒரு கடமையை முடித்த பெருமை.

“சரி தம்பி. விரதம்தான். ஒரு சோறு குடுக்கேல்ல. பாலும் பழமும்தான் குடுத்தனான்.”

ஊசி காற்றில் நின்றது.

“என்னத்தக் குடுத்தீங்க?”

“பாலும் வாழைப்பழமும். விரதத்துக்கு அது சாப்பிடலாந்தானே. நான் காகத்துக்குச் சோறு வைக்கேக்க இவன் பாத்துக்கொண்டு நிண்டவன். காகம் வந்து சாப்பிடுது, இவன் கூட்டுக்குள்ள நிண்டு கத்துறான். எனக்கு மனம் கேக்கேல்ல. தெருவால போற காகத்துக்கு வைக்கிறன், நான் வளக்கிற சீவன் பட்டினி கிடக்கிறதோ?”

“எப்ப?”

“இப்ப, பிள்ளை சந்திக்குப் போனாப் பிறகு.”

டொக்டர் ஊசியை மூடி வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். நோன்பு என்றால் தண்ணீர்கூட இல்லை, எச்சில் விழுங்கவும் யோசிப்பார்கள். விரதம் என்றால் சோறு இல்லை, பால் பழம் உண்டு. ஒன்றுதானே என்று தலையாட்டியவள் நான். இரண்டு பக்கத்து வீடுகளிலும் சாப்பிட்டு வளர்ந்தவள், கிண்ணியாச் சிநேகிதி வீட்டுப் பெருநாள் வட்டிலப்பமும் தெரியும், இங்கே சனி விரதமும் தெரியும். மாமிக்குத் தெரிந்தது விரதம் மட்டும், டொக்டருக்குத் தெரிந்தது நோன்பு மட்டும். நடுவில் நின்று சொல்லியிருக்க வேண்டியவள் எட்டா, ஆறா, மூன்றா என்று பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

டொக்டர் கிளியின் கழுத்தடியில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு என் விரலையும் இழுத்து வைத்தார். தீன்பை கொழுக்கட்டை மாதிரி நிறைந்து, வலது பக்கமாகச் சரிந்திருந்தது.

“இப்ப ஊசி போட்டா இது முழுக்க மேல வரும். மயக்கத்துல விழுங்கத் தெரியா. நேர நுரையீரலுக்குள்ள போகும்,” என்றார் மாமியிடம். குரல் உயரவில்லை. “அதோட பால் வேற. அக்கா, எந்தக் குருவி குஞ்சுக்குப் பால் குடுத்திரிக்கி?”

“புறா குடுக்கும் சேர்,” என்றேன். “தீன்பையில ஊறுற ஒரு வகைப்—”

“தங்கச்சி, வாய மூடுங்க.”

மூடினேன்.

மாமி அப்படியே குசினிப் படியில் உட்கார்ந்துவிட்டார். சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார், கிளி உள்ளே இருந்த காலத்தில் பிடித்த மாதிரி.

“ஷெல்லுக்குக் குடுக்காமக் கொண்டந்தனான் தம்பி. ஒரு வாழைப்பழத்துக்குக் குடுக்கவோ?”

டொக்டர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார், பன்னிரண்டரை.

இன்னொரு நாள் வைக்கலாம் என்று நான் மெதுவாகச் சொன்னேன். டொக்டர் கட்டியைக் காட்டினார். பசியில் கிளி அன்று காலையும் கொத்தியிருந்தது. நுனி சிவந்து மினுங்கியது. “அடுத்த கிழமை பாதை ஓடுமெண்டு நீங்க எழுதித் தருவீங்களா?” என்றார். “கடைசிப் பாதை அஞ்சு மணிக்கு. நாலரைக்காவது நான் இங்கிருந்து போகணும். ரெண்டரைக்குள்ள அந்தப் பை இறங்கினாச் செய்வம். இறங்காட்டிச் செய்யேலா.”

ஆகவே நாங்கள் காத்திருந்தோம், ஒரு வாழைப்பழம் கிளியின் கழுத்திலிருந்து இறங்குவதற்காக. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை நான் விரல் வைத்துப் பார்த்தேன். டொக்டர் மேற்குப் பக்கம் எது என்று கேட்டு, மாமி கொடுத்த துவைத்த சீலையை முன்னறையில் விரித்துத் தொழுதார். கூட்டுக்குள் இருந்து கிளி தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்தது. அவர் குனிந்தபோது அதுவும் குனிந்தது. “அங்கால போ” என்று மட்டும் சொல்லவில்லை. மாமி விரதச் சோற்றை மூடி வைத்துவிட்டார். காகம் சாப்பிட்டுப் போய்விட்டது, இனி மாமி சாப்பிடலாம். ஆனால் இலை விரிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு விரதமும் இல்லை, நோன்பும் இல்லை, குசினிக்குள் போகத் துணிவும் இல்லை.

ஒன்றரைக்குத் தீன்பை பாதி. இரண்டுக்குப் புளியங்கொட்டை. இரண்டரைக்கு என் விரலுக்கு அடியில் வெறும் தோல்தான் வழுக்கியது. இல்லை என்று சொல்லவும் பயம், இருக்கு என்று சொல்லவும் பயம்.

“நீங்களே பாருங்கோ சேர்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்தார். “பிஸ்மில்லாஹ்” என்றார். ஊசியை எடுத்தார்.

நெஞ்சுச் சதையில் ஊசி போனது கிளிக்குத் தெரியக்கூட இல்லை. அது என் பெருவிரலைக் கடிப்பதில் மும்முரமாக இருந்தது. பிறகு கடி தளர்ந்தது. அதுதான் முதல் அறிகுறி. இறுக்கம் போன சொண்டு என் விரலின் மேல் சும்மா கிடந்தது. கண் மூடும் என்று நினைத்தேன், மூடவில்லை. மூக்குப் பக்கத்திலிருந்து மெல்லிய ஒரு சவ்வு குறுக்கே பாதி வந்து நின்றது. கண் திறந்தபடியே கிளி எங்கேயோ போய்விட்டது. எங்கே போகும்? தேரைகளைப் பற்றி நான் அப்படிக் கேட்டதே இல்லை. டொக்டர் கால் விரலைக் கிள்ளிப் பார்த்தார். இழுக்கவில்லை.

“எண்ணுங்க. சத்தமா. நெஞ்சு ஏற ஒண்டு.”

நான் எண்ணினேன். மாமி சுடுநீர்ப் போத்தல்களை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றார். டொக்டர் கட்டியைச் சுற்றியிருந்த இறகுகளைச் சோப்புத் தண்ணீரால் படியவைத்தார். ஸ்பிரிட் போட்டால் குளிர்ந்துவிடும் என்று என் தாளில் இருந்ததை அவரே ஞாபகமாகச் சொன்னார். பிறகு சின்னக் கத்தியால் ஒரு கீறு.

முப்பத்தெட்டுக்குப் பிறகு நெஞ்சு ஏறவில்லை.

“சேர்.”

சொண்டோரத்தில் வெள்ளையாக ஒரு துளி. மிச்சமிருந்த பால். டொக்டர் கத்தியைப் போட்டுவிட்டுக் கிளியைத் தலைகீழாகச் சரித்து, சொண்டைத் திறந்து, பஞ்சை முறுக்கி உள்ளே துடைத்தார். மாமி கண்ணை மூடவில்லை, நான் மூடினேன். என் விரல் மட்டும் அந்த எலும்பின் மேல் இருந்தது. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு அது என் விரலை மெதுவாகத் தள்ளியது.

“முப்பத்தொம்பது,” என்றேன்.

கட்டிக்குள் சீழ் இல்லை. மெழுகு மாதிரி மஞ்சளாக ஏதோ அடுக்கு அடுக்காக உருண்டு கிடந்தது. டொக்டர் அதை முழுதாக நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டுத் தைக்கத் தொடங்கினார். எண்ணுவதை நிறுத்தாமலே நகத்தால் அதைப் பிரித்தேன். உள்ளே, மணிக்கூட்டுச் சுருள் மாதிரிச் சுற்றிச் சுற்றி, ஓர் இறகு. வெளியே வர வழி தெரியாமல் தோலுக்குள்ளேயே வளர்ந்த இறகு. ஈரம் பட்டதும் நுனி கொஞ்சம் விரிந்தது. வெளிச்சத்தையே பார்த்திராத அந்த இறகும் பச்சைதான். இது பச்சையாக இருக்க வேண்டும் என்று அதற்கு யார் சொன்னது? அந்தக் கேள்விக்கு என்னுடைய பாடப்புத்தகத்தில் விடை இருக்கிறது, எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்கத்தான் தோன்றியது.

மூன்று தையல். கிளியைத் துவாயில் இறுக்காமல் சுற்றினோம். மயக்கம் தெளியும்போது அடித்துக்கொண்டு செட்டையை முறித்துவிடும். தேநீர்க் கடை ரோல்ஸ் மாதிரிச் சுற்றிய கிளியை மாமி மடியில் வைத்துக்கொண்டார். நாலு மணி. எழும்பவில்லை. நாலேகால். எழும்பவில்லை. டொக்டர் கழுவிய ஊசியையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

“இனி நிக்க ஏலா தங்கச்சி. பாதை போயிடும்.” ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினார். “எழும்பினா எனக்கு ஒரு மிஸ்ட் கோல். ஒண்டு போதும். அடிக்காட்டி நான் விளங்கிக்கொள்ளுவன்.”

அவர் போனபின் துறைமுகப் பக்கமாக ஏதோ கப்பல் ஒருமுறை ஊதியது. நான் போத்தல்களில் சுடுநீர் மாற்றினேன். மாமி கையைக் கிளியின் நெஞ்சின்மேல் இறுக்காமல் வைத்திருந்தார், நான் சொல்லிக்கொடுக்காமலே சரியாக.

“மாமி, பிழை என்ர. நான்தான் விளங்கப்படுத்தியிருக்க வேணும்,” என்றேன்.

“பொறடி. கதைக்காத. மூச்சைக் கேக்க விடு.”

வெளியில் வெயில் மஞ்சளாகி மங்கியது. துவாய்க்குள் ஓர் அசைவு. முதலில் கால். நகம் மாமியின் சேலையைத் தேடிப் பிடித்தது. பிறகு தலை, குடிகாரத் தலை மாதிரி எழும்பி, விழுந்து, மறுபடி எழும்பியது. நான் குனிந்து விரலை நீட்டினேன். அது என்னைப் பார்த்தது, அல்லது என் பக்கத்தில் இருந்த இன்னொரு என்னைப் பார்த்தது. என் விரலுக்கு ஓர் அங்குலம் தள்ளிக் காற்றைக் கடித்தது. இரண்டாம் தரம் என்னையே சரியாகக் கடித்தது. இரத்தம் வந்தது. அவ்வளவு நல்ல கடி என் வாழ்நாளில் வாங்கியதில்லை.

மிஸ்ட் கோல் அடித்தேன். ஒரு ரிங்தான் போயிருக்கும், டொக்டர் எடுத்தேவிட்டார். மிஸ்ட் கோலை எடுக்கிற மனிதரை அன்றுதான் கண்டேன். பின்னால் ஆட்களின் சத்தம், கடற்காற்று; ஐந்து மணிப் பாதை அன்று பிந்தியிருக்க வேண்டும்.

“என்ன தங்கச்சி?”

“பிழைச்சிட்டுது சேர்.”

அவர் மிகத் தாழ்ந்த குரலில், “என்ன பிழைச்ச? தையலா?”

“ஐயோ, அந்தப் பிழை இல்ல சேர். உயிர் பிழைச்சிட்டுது. எழும்பி என்னைக் கடிச்சிட்டுது.”

டொக்டர் சிரித்த சிரிப்பில் போன் இரைந்தது. யாரிடமோ, “கிளி, கிளி, எழும்பிட்டாம்,” என்று சொல்வது கேட்டது. அந்த யாரோ என்ன கிளி என்று கேட்பதும் கேட்டது. பிறகு எல்லாவற்றுக்கும் மேலாக, தூரத்தில் எங்கேயோ நோன்பு திறக்கிற நேரத்துப் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள்.

மாமி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். கையில் வாழைப்பழம். உரித்தாகிவிட்டது.

“இப்ப குடுக்கலாமோ எண்டு கேள்.”

கேட்டேன்.

“பழம் பிறகு. முதல்ல ரெண்டு சொட்டுத் தண்ணி,” என்றார் டொக்டர். போத்தல் மூடி திறக்கிற சத்தம். “நானும் இப்ப அதுதான் குடிக்கப் போறன்.”